மிதிக்காத மண்

என் கைபேசி இரண்டு ஊர்களின் வானிலையைச் சொல்லும். ஒன்று டில்லி. அது என்ன சொன்னாலும் நான் பார்ப்பதில்லை. பால்கனிக் கதவைத் திறந்தால் தெரிந்துவிடப் போகிறது. இன்னொன்று ஆவாரங்கண்மாய். அருப்புக்கோட்டைக்குத் தெற்கே இருக்கிறது என்று கேள்வி. கைபேசிக்கு அந்தப் பெயர் தெரியாததால் அருப்புக்கோட்டையைப் போட்டு வைத்திருக்கிறேன். மயூர் விஹாரில் மெட்ரோ ஏறியதும், உட்கார இடம் கிடைக்கிறதோ இல்லையோ, முதலில் அதைத்தான் பார்ப்பேன். அங்கே மழை என்று காட்டினால் போதும், ஆபீசில் அன்றைக்கு யார் என்ன சொன்னாலும் எனக்குக் கோபம் வராது. எனக்குக் கோபம் வராத நாள் எங்கள் செக்‌ஷனில் விசேஷ நாள்.

"ஒரு தடவைகூடப் போகாத ஊருக்கு இங்கேர்ந்து குடை பிடிக்கிற ஒரே ஆள் நீதான் பூங்கோதை" என்பார் என் கணவர் கதிரவன். அவருக்கு வேலூர்ப் பக்கம் சொந்த ஊர் இருக்கிறது. வருஷத்துக்கு ஒரு தரம் திட்டிக்கொண்டே போவார், திட்டிக்கொண்டே வருவார். போய்த் திட்டுவதற்கு ஓர் ஊர் இருப்பது எவ்வளவு பெரிய பாக்கியம் என்று அவருக்குப் புரிந்ததே இல்லை.

நான் பிறந்தது, படித்தது, வேலை பார்ப்பது எல்லாம் டில்லி. வயது நாற்பத்தாறு. ஆவாரங்கண்மாயை நான் கண்ணால் பார்த்ததில்லை. ஆனால் யமுனா பேங்க் ஸ்டேஷன் தாண்டி ரயில் ஆற்றின் மேல் ஊர்ந்து போகும்போது கண்ணை மூடினேன் என்றால், கீழே ஓடுவது யமுனை இல்லை. அது ஒரு கண்மாய். தண்ணீர் கரை தொட்டு நிற்கும். கரைமேல் வரிசையாக வேப்பமரங்கள். தண்ணீர் வெளியேறும் மடை அருகே கையில் அரிவாளோடு எங்கள் மடைக்கருப்பு நிற்பார். எங்கள் குலசாமி. ஆற்றைத் தாண்டி அடுத்த ஸ்டேஷன் பெயரைச் சொல்லும் குரல் வருவதற்குள் நான் அந்தக் கரையில் பாதி தூரம் நடந்திருப்பேன்.

நடந்திருப்பேன் என்று சொல்வது சரியில்லை. எனக்குச் சின்ன வயதிலிருந்து வருகிற ஒரு கனவு உண்டு. அதில் நான் ஊருக்குள் போவேன். ஆட்கள் என்னைப் பார்த்து "வா தாயி" என்பார்கள். ஒரு வீட்டில் முறுக்குப் பிழிந்துகொண்டிருப்பார்கள். ஒரு வீட்டில் தொட்டில் ஆடும். எல்லாம் தெரியும், எல்லாருடைய முகமும் பிடிபடும், ஆனால் என் கால் மட்டும் தரையில் படாது. ஒரு சாண் உயரத்திலேயே நிற்பேன். குனிந்து யார் தோளையாவது பிடித்து இறங்கப் பார்த்தால் விழிப்பு வந்துவிடும். எழுந்து உட்கார்ந்து கொஞ்ச நேரம் என் பாதங்களையே பார்த்துக்கொண்டிருப்பேன்.

இதற்குக் காரணம் யார் என்று எனக்குத் தெரியும். என் அப்பா.

அப்பா பெயர் தர்மன். மத்திய சர்க்கார் வேலை கிடைத்து டில்லிக்குக் கிளம்ப வேண்டிய சமயம், மாசி சிவராத்திரிக்கு மடைக்கருப்பைக் கும்பிட ஊரில் இருந்திருக்கிறார். படையல் முடிந்ததும் பங்கு பிரிப்பார்கள். ஒருவர் நடுவில் நின்று குடும்பத் தலைவர்களின் பெயரைச் சொல்லி, "இன்னார் வகையறா!" என்று உரக்கக் கூப்பிடுவார். கூப்பிடப்பட்டவர் "இருக்கோம்" என்று சொல்லித் துண்டை விரித்து நீட்ட வேண்டும். சோறும் கறியும் அதில் விழும். அந்த வருஷம் கூப்பிட்டது அப்பாவின் சொந்த அண்ணன், என் பெரியப்பா. எல்லார் பெயரையும் கூப்பிட்டார். அப்பா பெயரைக் கூப்பிடவில்லை. அண்டாவைக் கழுவிக் கவிழ்க்கும் வரைக்கும் அப்பா துண்டை விரித்தபடி நின்றிருக்கிறார். பிறகு போய்க் கேட்டதற்குப் பெரியப்பா சொன்னாராம்: "ஊரை விட்டுப் போறவனுக்கு எதுக்குடா பங்கு?"

அப்பா சாமியின் காலடியில் குனிந்து ஒரு பிடி மண்ணை அள்ளி அதே துண்டில் முடிந்துகொண்டார். "இதுதான் என் பங்கு. இனிமே இந்த மண்ணை நானும் மிதிக்க மாட்டேன், என் வம்சமும் மிதிக்காது" என்று சொல்லிவிட்டு ரயிலேறிவிட்டார்.

மிதிக்கவே மாட்டேன் என்றவர் அதைக் கையோடு எடுத்துக்கொண்டு வந்ததைக் கவனியுங்கள். அப்பாவின் கோபமே அப்படித்தான். வாசல் கதவை ஓங்கிச் சாத்திவிட்டுச் சன்னலைத் திறந்து வைத்துக்கொள்வார்.

சரோஜினி நகர் குவார்ட்டர்ஸில் நான் நடக்கப் பழகியபோது அந்த மண் ஒரு டால்டா டப்பாவில் இருந்தது. பிறகு அப்பா ஒரு சிமெண்டுத் தொட்டி வாங்கி, அங்கத்து மண்ணைக் கீழே போட்டு, ஊர் மண்ணை மேலே பரப்பினார். செடி எதுவும் வைக்கவில்லை. ஆனாலும் ஒவ்வொரு மழைக்கும் தானாகவே ஒரு குப்பைமேனி முளைத்து வரும். டில்லி மண் பழுப்பு. எங்கள் மண் கறுப்பு, கரிசல். நனைந்தால் களிபோல ஒட்டும், காய்ந்தால் வெடிக்கும். மே மாதம் பள்ளிக்கூட விடுமுறையில் நான் அந்தத் தொட்டியின் முன்னால் குப்புறப் படுத்துக்கொண்டு வெடிப்புகளைப் பார்த்துக்கொண்டே இருப்பேன். பெரிய வெடிப்பு ஊருக்குள் போகும் பாதை. அது கிளைவிடும் இடம் சாவடி. ஒரு எறும்பு போனால் அது சந்தைக்குப் போய்த் திரும்பும் யாரோ ஒரு அத்தை. தண்ணீர் தெளித்தால் வெடிப்பு மூடிக்கொள்ளும், ஊர் காணாமல் போகும். மறுபடி காயும்போது வேறு ஓர் ஊர் வரும். நான் அதையும் ஆவாரங்கண்மாய் என்றே வைத்துக்கொள்வேன்.

ஒரு தடவை குரங்கு ஒன்று தொட்டியைத் தள்ளிவிட்டது. மண் வராந்தா முழுக்கச் சிதறிவிட்டது. அப்பா உள்ளேயிருந்து பாதிச் சவரத்தோடு ஓடி வந்து, "ருக்கியே! ருக்கியே! பைர் மத் ரக்கியே!", காலை வைக்காதீர்கள் என்று இந்தியில் கத்தினார். பக்கத்து வீட்டு பஞ்சாபி மாமி கையில் பால் பாத்திரத்தோடு ஒரு காலைத் தூக்கியபடியே நின்றுவிட்டார். வெடிகுண்டு என்று நினைத்தாராம். அப்பா ஒரு கல்யாணப் பத்திரிகையை மடித்து, மண்டியிட்டு, ஒரு பொட்டு மண் விடாமல் வாரி எடுத்தார். அவருக்கு முன்னால் யார் காலும் அதில் படக் கூடாது. மாமி அதன் பிறகு எங்கள் வீட்டை ரொம்ப மரியாதையாகத்தான் பார்த்தார்.

ஊரைப் பற்றி அப்பா எனக்குக் கதை சொன்னார் என்று நினைத்துவிடாதீர்கள். அவர் வாயிலிருந்து ஊர் வருவது திட்டும்போதுதான். "அந்தக் கண்மாயில தண்ணி நின்னா என்ன, வத்துனா எனக்கென்ன?" "பருத்தி வெடிச்சு ஊரே வெள்ளையாக் கெடந்து என்ன புண்ணியம், மனசு பூரா கறுப்பு." "மடைகிட்ட ஏழு வேம்பு இருக்கு, ஏழும் கசப்பு, அந்த ஊர்க்காரனுக மாதிரி." இப்படி அவர் தூக்கி எறிந்ததையெல்லாம் நான் பொறுக்கிச் சேர்த்தேன். எனக்குக் கண்மாய் கிடைத்தது, வெள்ளைவெளேரென்ற பருத்திக்காடு கிடைத்தது, ஏழு வேப்பமரம் கிடைத்தது. அப்பாவுக்குத் தெரியாமல் அப்பாவின் கோபத்திலேயே ஓர் ஊர் கட்டிக்கொண்டேன்.

கல்யாணமான புதிதில் கதிரவன் ஒரு நாள் சொன்னார்: "உங்க அப்பா அவர் வம்சம் மிதிக்காதுன்னுதானே சொன்னாரு? நீ இப்ப எங்க வீட்டுப் பொண்ணு, எங்க சாமிதான் உன் சாமி. உன்னை அந்தச் சத்தியம் கட்டாது. வா, ஒரு நடை போய்ப் பார்த்துட்டு வந்துடலாம்." பாவம், நல்லதுக்குத்தான் சொன்னார். நான் மூன்று நாள் அவரோடு பேசவில்லை. அந்தச் சத்தியம் என்னைக் கட்டாது என்றால் நான் அப்பாவுக்கு மகள் இல்லை, அந்த ஊருக்கு நான் யாருமில்லை என்றுதானே அர்த்தம்? போகக் கூடாது என்று எனக்கு ஒரு தடை இருக்கும் வரைக்கும்தான் அது என் ஊர். யாரோ ஒருத்தியாகப் போய் வேடிக்கை பார்த்துவிட்டு வர எனக்கு மனமில்லை. மகளாகப் போக வழியும் இல்லை.

அப்பா ஓய்வு பெற்று மயூர் விஹாருக்கு வந்தபோது தொட்டியும் வந்தது. அம்மா போனார். பிறகு அப்பாவும் போனார். ஆஸ்பத்திரியில் கடைசியாகத் தெளிவாகப் பேசியது, "தொட்டிக்குத் தண்ணி ஊத்துனியா?" என்பதுதான். ஊருக்குச் சொல்லி அனுப்பக் கூடாது என்று முன்பே சொல்லிவைத்திருந்தார். சொல்லவில்லை.

இந்த ஜனவரியில், பனி கண்ணை மறைத்த ஒரு ஞாயிற்றுக்கிழமை, போன் வந்தது.

"தாயி, பூங்கோதையா? நான் கருப்பசாமி பேசுறேன். ஆவாரங்கண்மாய். ஒங்க பெரியப்பா மகன்."

கனவில் கேட்ட அதே 'தாயி'. மதுரையில் யாரிடமோ என் நம்பரை வாங்கினாராம். அப்பா போன சேதியும் அங்கேதான் தெரிந்ததாம். அடுத்த வாரமே புறப்பட்டு வருவதாகச் சொன்னார். எதற்கு என்று சொல்லவில்லை.

ரயில் பனியில் தாமதமாகி, ஒரு வழியாக நடுப்பகலில் கதிரவன் அவரை நிஜாமுதீனிலிருந்து கூட்டி வந்தார். ஐம்பத்தைந்து வயதிருக்கும். வேட்டி, இரவல் வாங்கிய ஸ்வெட்டர், குரங்குக் குல்லாய். வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு, நான் "வாங்கண்ணே" என்று சொல்லும் வரை உள்ளே வராமல் நின்றார். குல்லாயைக் கழற்றினார். அப்பாவின் நெற்றி. அப்பாவின் காது. என் மகள் வைஷ்ணவி என் காதோரம் வந்து, "மம்மா, நானாஜி மாதிரியே இருக்காரு இல்ல?" என்றாள். தன் தாத்தாவை அவள் அப்படித்தான் கூப்பிடுவாள்.

கருப்பட்டி மிட்டாயும் ஒரு பை வறுத்த கடலையும் கொடுத்தார். சாப்பிட்டார். காபியைக் குடித்து முடித்து டம்ளரைக் கீழே வைத்த பிறகுதான் விஷயத்துக்கு வந்தார்.

"வெக்கங்கெட்டு வந்துருக்கேன் தாயி. நம்ம கண்மாய்க்கரைய ஒட்டி நாலு வழிச்சால வருது. சாமி எடத்தக் காலி பண்ணணும்னாங்க. சரி, பிடிமண் எடுத்து மேட்டுப்பக்கம் வச்சுக்கிருவோம்னு பங்காளிக கூடிப் பேசி, தை பெறந்ததும் எடுக்கலாம்னு நாளு குறிச்சோம். அதுக்குள்ள, கார்த்திகையிலயே, மிஷினு வந்துருச்சு. அன்னிக்குன்னு பாத்து எல்லாரும் ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தோம். திரும்பி வந்து பாத்தா, சாமி நின்ன எடத்துல ஒரு ஆள் ஒசரத்துக்குச் சரளைக்கல்லு. சாமி கல்லத் தூக்கி ஓரமா வச்சிட்டுப் போயிருக்கான். கல்லு இருக்கு தாயி. மண்ணு இல்ல."

கதிரவனுக்கு இது புரியவில்லை. "அதான் சிலை பத்திரமா இருக்கே, மச்சான்" என்றார். எங்கள் பக்கத்து வழக்கம் வேறு. சாமி கல்லில் இல்லை, நின்ற மண்ணில் இருக்கிறது. இடம் மாறும்போது பழைய இடத்திலிருந்து ஒரு பிடி மண் எடுத்துப் போய்ப் புது இடத்தில் போட்டால்தான் சாமி கூட வரும். அந்தப் பிடிமண் இல்லாமல் நட்டால் அது வெறும் கல்தான்.

"மாசி சிவராத்திரிக்குள்ள சாமிய நிறுத்தணும்" என்றார் அண்ணன். "அந்த எடத்து மண்ணு இப்ப ஒலகத்துலயே ஒரே எடத்துலதான் இருக்கு. சித்தப்பா எடுத்துட்டு வந்தது."

வாழ்நாள் முழுக்க நான் ஏங்கிக் கிடந்த ஊர், குரங்குக் குல்லாயை மடியில் வைத்துக்கொண்டு என் வீட்டு சோபாவின் நுனியில் உட்கார்ந்து என்னிடம் ஊரைக் கேட்கிறது. எனக்கு அழுகை வந்திருக்க வேண்டும். வந்தது கோபம்.

"இத்தனை வருஷமா எங்கண்ணே போனீங்க? அப்பா துண்டை விரிச்சிட்டு நின்னாரே, அன்னிக்கு யாருக்காவது அவர் பேரு ஞாபகம் வந்துச்சா? இப்ப மண்ணு வேணும்னதும் வந்துருச்சா?"

கதிரவன் மெல்ல எழுந்து சமையலறைப் பக்கம் போனார். என் குரல் அந்த உயரத்துக்குப் போனால் அவர் வழக்கமாகப் போகிற இடம் அது. கருப்பசாமி அண்ணன் மட்டும் தலையைக் குனிந்துகொள்ளவில்லை.

"ஞாபகம் இருந்துச்சு தாயி. எங்கய்யா அதுக்கப்புறம் ஒவ்வொரு வருஷமும் பேரு கூப்புடுவாரு. எல்லாப் பேரையும் கூப்பிட்டு முடிச்சதும் கொஞ்ச நேரம் சும்மா நிப்பாரு. ஏதோ ஒரு பேரு விட்டுப்போன மாதிரி. என்ன பேருன்னு அங்க நிக்கிற அம்புட்டுப் பேருக்கும் தெரியும். அவருக்கு வாய் வராது. எறங்கிப் போயிருவாரு. சாகுற வரைக்கும் இதே கததான். இப்ப கூப்புடுறது நானு. இந்த வருஷம் மொதப் பேரு சித்தப்பா பேருதான், பங்காளிக கூடி முடிவு பண்ணியாச்சு. நீ மண்ணு குடுத்தாலும் சரி, குடுக்காட்டியும் சரி. ஆனா கூப்புட்டா, இருக்கோம்னு சொல்ல ஒரு ஆளு வேணுமே."

நான் அவர் வைத்த காலி டம்ளரைக் கையில் எடுத்துக்கொண்டேன். பிறகு, "அப்பா சத்தியம் பண்ணியிருக்காருண்ணே. வம்சமே மிதிக்காதுன்னு" என்றேன்.

"ஆமா" என்றார். அதற்கு மேல் வற்புறுத்தவில்லை. அப்பாவின் வார்த்தையை அவர் மதித்தது எனக்குப் பிடித்திருந்தது. அதே சமயம், கொஞ்சம் வற்புறுத்தினால்தான் என்ன என்றும் இருந்தது.

சாயங்காலம் தொட்டியைக் காட்டினேன். இதில் சரோஜினி நகர் மண் கலந்திருக்கிறது, அம்மா போட்ட காபிப்பொடிச் சக்கை கலந்திருக்கிறது, குரங்கு தள்ளியபோது வராந்தாப் புழுதியும் சேர்ந்திருக்கும் என்று ஒன்று விடாமல் சொன்னேன். அவர் குனிந்து முகர்ந்து பார்த்தார்.

"ஒரு குண்டான் பாலுக்கு ஒரு கரண்டி மோருதான தாயி ஊத்துறோம்? அம்புட்டும் தயிராயிருதுல்ல" என்றார்.

பிறகு நான் கேட்க ஆரம்பித்தேன். பருத்திக்காடு? இப்போது பாதிக்கு மேல் சீமைக்கருவேலம். சாவடி? இடிந்து அங்கே ரேஷன் கடை. மடைப்பக்கத்து ஏழு வேம்பு? அவர் சற்று யோசித்தார். "எனக்குத் தெரிஞ்சு நாலுதான் இருந்துச்சு. இப்ப அதுவும் ரோட்டுக்கு அடியில" என்றார். என்னிடம் இருந்த ஊரை ஒவ்வொன்றாகக் கழித்துக்கொண்டே வந்தோம். ஆனால் ஏழு வேம்பு என்று நான் சொன்னதும் அவர் முகத்தில் ஒரு வெளிச்சம் வந்ததைப் பார்த்தேன். "ஏழா இருந்துச்சு?" என்று திரும்பத் திரும்பக் கேட்டார். எந்த வேம்பு எந்தப் பக்கம் என்றெல்லாம் விசாரித்தார். அங்கேயே பிறந்து வளர்ந்த மனிதர், பால்கனியில் முக்காடு போட்டு உட்கார்ந்துகொண்டு, என் ஊரைக் கொஞ்சம் தனக்கும் வாங்கிக்கொண்டார்.

மறுநாள் விடியும் நேரத்தில் அந்தக் கனவு வந்தது. இந்தத் தடவை ஊரில் முறுக்கு இல்லை, தொட்டில் இல்லை. எல்லாரும் கண்மாய்க்கரையில் வரிசையாகத் துண்டை விரித்துக்கொண்டு நின்றார்கள். பெயர் கூப்பிட யாரும் இல்லை. நான் அவர்களுக்கு மேலே ஒரு சாண் உயரத்தில், காற்றில், எதற்கும் உதவாமல் இருந்தேன்.

காலையில் அண்ணன் குளித்து, நெற்றி நிறைய விபூதியோடு பால்கனிக்கு வந்தார். ஊரிலிருந்து கொண்டு வந்த மஞ்சள் துணியை இரு கைகளிலும் ஏந்தினார். "நானா எடுத்தா அது திருட்டு. நீ அள்ளிக் குடுக்கணும்" என்றார். கட்டிக் கொடுத்த பெண் கொடுக்கலாமா என்று கேட்டேன். "பொறந்த பிள்ளைக்கு இல்லாத சாமி யாருக்கு?" என்றார். நான் மேலே படிந்திருந்த புழுதியை விலக்கிவிட்டு உள்ளே கைவிட்டேன். உள்ளுக்குள் இன்னும் கறுப்பாகத்தான் இருந்தது. சில்லென்று இருந்தது. ஒரு பிடி அள்ளித் துணியில் போட்டேன். அவர் முடிந்து நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டார்.

"இனிமே ஊரு போற வரைக்கும் இதக் கீழ வைக்கக் கூடாது" என்றார் பெருமையாக.

"ரெண்டு ராத்திரி ரயிலு. எப்படிண்ணே?" என்றேன்.

அந்த ஊரில் இதுவரை பிடிமண் எடுத்துப் போனதெல்லாம் பக்கத்து ஊர்களுக்கு, காலையில் புறப்பட்டு மத்தியானத்துக்குள் நடந்தே போய்ச் சேர்ந்துவிடுகிற தூரம். பங்காளிகள் எல்லாரும் கூடி நல்ல நாள் பார்த்திருக்கிறார்கள், துணியின் நிறம் பேசியிருக்கிறார்கள், ரயில் டிக்கெட் எடுத்திருக்கிறார்கள். டில்லியிலிருந்து ஊருக்கு எத்தனை பொழுது ஆகும் என்பதை இந்தக் கைப்பிடி மண்ணோடு சேர்த்து ஒருவருமே யோசிக்கவில்லை.

"ஃப்ளைட்ல போயிடலாமே" என்றார் கதிரவன்.

"பப்பா, செக்யூரிட்டில ட்ரேல வைக்கச் சொல்வாங்க" என்று வைஷ்ணவி அவரிடம் சொன்னாள். பிறகு அண்ணனைப் பார்த்து, "அச்சா மாமா, ட்ரெயின்ல பாத்ரூம் போகணும்னா?" என்று கேட்டாள்.

அண்ணன் கையிலிருந்த முடிச்சைப் பார்த்தார். எங்களைப் பார்த்தார். நாங்கள் எல்லாரும் ஒரே நேரத்தில் சிரித்துவிட்டோம். அவருமே சிரித்தார். சிரித்து ஓய்ந்ததும், "கை மாத்திப் பிடிக்க நம்ம ரத்தத்துல இன்னொரு ஆளு வேணும்" என்று மெதுவாகச் சொன்னார். என்னைப் பார்த்துச் சொல்லவில்லை. தொட்டியைப் பார்த்துச் சொன்னார்.

கதிரவன் உற்சாகமாகிவிட்டார். "அதுக்கென்ன, நீ மதுரை வரைக்கும் போ. ஸ்டேஷன்ல அவங்க ஆள் யாராவது வந்து வாங்கிக்கட்டும். நீ பிளாட்பாரத்தை விட்டு இறங்காம அடுத்த ரயில்ல திரும்பிடு. சத்தியத்துக்கும் பங்கம் இல்லை" என்றார்.

சரியான யோசனைதான். யாரும் குறை சொல்ல முடியாது. எனக்குத்தான் ஒப்பவில்லை. அத்தனை தூரம் போய், ஊரின் வாசனை வரும் இடம் வரைக்கும் போய், மறுபடியும் அந்த ஒரு சாண் உயரத்திலேயே நின்றுவிட்டுத் திரும்பி வரவா? எனக்கு அந்த ஊர் வேண்டும். வேம்பு இல்லாத, பருத்தி இல்லாத, ரோட்டுக்கு அடியில் பாதி போன அந்த ஊரே வேண்டும். அதில் என் கால் படவேண்டும்.

தொட்டியில் நான் அள்ளிய இடத்தில் ஒரு குழி இருந்தது. அதைச் சுற்றிப் பனிக்காலத்து வெயிலில் மண் லேசாக வெடித்திருந்தது. ஊருக்குள் போகும் பாதை.

நான் ஸ்வெட்டர் கைகளை இழுத்துவிட்டுக்கொண்டேன். குனிந்து சாக்ஸைக் கழற்றினேன். "மம்மா, க்யா கர் ரஹி ஹோ? என்ன பண்ற?" என்றாள் வைஷ்ணவி. அவள் தோளைப் பிடித்துக்கொண்டேன். கனவில் யாருடைய தோளும் கைக்குப் பிடிபட்டதில்லை. இவளுடையது பிடிபட்டது.

"அப்பா, உங்க பங்கை வாங்கப் போறேன். கோவிச்சுக்காதீங்க" என்று வாய்விட்டே சொன்னேன்.

தொட்டிக்குள் வலது காலை வைத்தேன். பிறகு இடது காலை. என் முழு பாரத்தையும் இறக்கினேன். மண் கொஞ்சம் நெகிழ்ந்து கொடுத்து, பின் தாங்கிக்கொண்டது. குளிர் உள்ளங்காலிலிருந்து முழங்கால் வரைக்கும் ஏறியது. கரிசல் விரல் இடுக்கில் ஒட்டியது. விழிப்பு வரவில்லை. கீழே பிளாக்கில் காய்கறிக்காரன் "ஆலு லேலோ, மட்டர் லேலோ" என்று கூவிக்கொண்டு போனான். நான் நின்றுகொண்டிருந்தேன்.

கருப்பசாமி அண்ணனுக்குக் கண்ணில் நீர் வழிந்தது. துடைக்கக் கை இல்லை. முடிச்சைக் கீழே வைக்கக் கூடாதே. அப்படியே மூக்கை உறிஞ்சிக்கொண்டு, நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு, மயூர் விஹாரின் அத்தனை பால்கனிகளுக்கும் கேட்கும்படி கூப்பிட்டார்.

"தர்மன் வகையறா!"

எதிர் வீட்டுச் சன்னலில் உட்கார்ந்திருந்த புறாக்கள் எழுந்து பறந்தன.

"இருக்கோம்ணே" என்றேன். தோளிலிருந்த ஷாலை எடுத்து இரண்டு கைகளாலும் விரித்து நீட்டினேன்.

அவர் முடிச்சை அதில் வைத்தார். "செத்த நேரம் பிடி தாயி, மூஞ்சியக் கழுவிட்டு வாரேன்" என்று உள்ளே போனார். நான் என் ஊரில் நின்றபடி அதைக் கீழே வைக்காமல் பிடித்துக்கொண்டிருந்தேன்.